மேனேஜரின் இடது காது

நாத்தனார் வந்துவிட்டுப் போனால் வீட்டில் ஏதாவது ஒன்று குறையும். போன முறை இரண்டு பழைய போர்வை. அதற்கு முன்பு ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதற்கும் முன்பு, குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஸ்டுடியோக்காரர் தேடு தேடென்று தேடிய துண்டு. அதனால் அன்று காலை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டதும், அவர் மனைவி டச்சப் அக்கா முதல் வேலையாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பெட்ஷீட்டை உருவி பீரோவுக்குள் திணித்தாள்.

ஆனால் நாத்தனார் அன்று எதையும் எடுத்துப் போக வரவில்லை. விட்டுவிட்டுப் போக வந்திருந்தாள்.

"அண்ணி, கொஞ்ச நாளைக்குத்தான்."

"எது கொஞ்ச நாளைக்கு?"

ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறம். வயதானது, வாயைச் சுற்றி நரைத்திருந்தது. மோவாயில் ஒரு வெட்டுத் தழும்பு. வலது கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. இடது காதில் பாதி இல்லை. யாரோ பிஸ்கட் என்று நினைத்துக் கடித்துவிட்டுத் தவறை உணர்ந்து மீதியை விட்டுவிட்டதுபோல் இருந்தது. இத்தனை சேதாரத்தையும் சுமந்துகொண்டு அது உட்கார்ந்திருந்த தோரணை இருக்கிறதே, கிளை அலுவலகத்தைச் சோதனை போட வந்த பெரிய அதிகாரி கெட்டார்.

"உங்க அண்ணன் ஒருத்தரை வச்சுச் சமாளிக்கிறதே எனக்குப் பெரும்பாடு. இதுல இது வேறயா?"

"அண்ணனை விட இது சொன்ன பேச்சு கேக்கும் அண்ணி. பாருங்க. உக்காரு!"

நாய் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து காட்டியது.

நாத்தனார் நடத்துவது ஒரு பிராணிகள் காப்பகம். மூடிக் கிடந்த மர அறுவை மில்லின் ஷெட்டில், வீடில்லாத நாய்களும் பூனைகளும் அவளும் இருப்பார்கள். ஒரு மனிதரைப் பார்த்ததும் இவர் நல்லவரா கெட்டவரா என்று யோசிப்பவர்கள் உண்டு. நாத்தனார் யோசிப்பது, இவரிடம் என்ன கறக்கலாம் என்று. தையல்காரரிடம் வெட்டுத்துணி, அதைத் திணித்தால் நாய்க்கு மெத்தை. பேப்பர் ஏஜென்டிடம் விற்காத பேப்பர். பூனைக் கூண்டுக்கு விரிப்பு. சலூன்காரரிடம் ஓர் அரை நாள். சடை பிடித்தவர்களுக்கெல்லாம் மொட்டை. "என்கிட்ட ஒண்ணுமில்லம்மா, நேரம்தான் இருக்கு" என்று தப்பிக்கப் பார்த்த ஓய்வுபெற்ற தபால்காரரை அவள் அந்த நேரத்தோடேயே பிடித்துக்கொண்டாள். வேலையில் இருந்த காலமெல்லாம் நாய்களிடமிருந்து ஓடியவர், இப்போது தினமும் சாயங்காலம் அவற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

அண்ணன் அண்ணியிடம் கிடைக்கக்கூடியது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஷெட்ல கால் வைக்க இடமில்ல அண்ணி. இது ரயில்வே கேட் பக்கம் தனியா அலைஞ்சிட்டிருந்துச்சு. கழுத்துல பட்டை போட்டிருந்த தடம் இருக்கு பாருங்க. யாரோ ஆசையா வளர்த்த நாய். எங்கயோ ஒருத்தர் இதைத் தேடிட்டிருக்கார். நல்லா ஒரு போட்டோ எடுத்து, நீங்களே போஸ்டர் அடிச்சுக் குடுங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். யாரும் வரலைன்னா, யார் கேட்டாலும் வளர்க்கக் குடுத்துடலாம்."

"போஸ்டர்ல அடையாளம் எல்லாம் எழுதணுமா?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர்.

"வேண்டாம்ணா. போட்டோலதான் எல்லாம் தெரியுமே. ஒண்ணே ஒண்ணை மட்டும் நம்ம கையில ரகசியமா வச்சுக்குவோம். நாக்குக்கு அடியில ஒரு கருப்புப் புள்ளி இருக்கு. 'என் நாய்தான்'னு வர்றவங்ககிட்ட அதைக் கேளுங்க. சொன்னா அவர்தான் சொந்தக்காரர். நல்ல நாயா இருந்தா சும்மாவாவது வந்து என்னுதுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க."

சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பின் இருக்கையில் கட்டியிருந்த அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ மியாவ் என்றார்கள்.

ஸ்டுடியோவுக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் 'நேராப் பாருங்க ஸ்டுடியோ' என்றுதான் சொல்வார்கள். ஸ்டுடியோக்காரர் எடுப்பது பெரும்பாலும் பாஸ்போர்ட் சைஸ் படம். தோள் இறக்கம், மோவாய் மட்டம், இரண்டு காதும் தெரியணும், சிரிக்கக் கூடாது, நேராப் பாருங்க. நாயையும் அவர் அப்படித்தான் எடுத்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. அவ்வளவு வேண்டாம். ஆங், நேராப் பாருங்க" என்றார்.

நாய் நேராகப் பார்த்தது. கண்கூட இமைக்கவில்லை.

"இந்த மாதிரி ஒரு கஸ்டமரை நான் பார்த்ததே இல்லடி."

"படம் எடுத்தாச்சுன்னா ஸ்டூலைத் துடைச்சு வைங்க" என்றாள் அவள்.

அடுத்தது அவளுடைய வேலை. அவள் உட்காரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பது சாதாரண நாற்காலிதான். ஆனால் அங்கே நடப்பது சாதாரணக் காரியம் இல்லை. அவள் கை பட்டால் பரு போகும், மச்சம் போகும், முந்தின நாள் சண்டையில் அழுது வீங்கிய கண் சரியாகும். பெரிய மனிதர்கள் படத்தில் பத்து வயது குறைந்துபோய், அந்தப் படத்தையே பிறகு ஆயுள் முழுக்க எல்லா இடத்துக்கும் கொடுப்பார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை. மூக்கில் வியர்வை வழிந்தால் துடைப்பதுபோல் அவள் கை தானாகச் செய்துவிடும்.

அன்றைக்கு அவள் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டே வேலை பார்த்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். வாயில் அக்கா வீட்டு மருமகளைப் பற்றிய விசாரணை. வலது கை தன் பாட்டுக்கு மவுஸைப் பிடித்து, நாயின் கண்ணில் வழிந்த நீரைத் துடைத்தது. மோவாய்த் தழும்பை மறைத்தது. நரையைக் கறுப்பாக்கியது. இடது காதில் வந்து ஒரு நொடி நின்றது. பிறகு வலது காதை அப்படியே எடுத்துத் திருப்பிப் போட்டு, இடது பக்கத்தில் ஒட்டி, ஓரத்தை இழைத்துவிட்டது.

பேச்சு முடிவதற்குள் நாய் கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டது.

ஸ்டுடியோக்காரர் எந்தப் படத்திலும் பார்ப்பது இரண்டே விஷயம். தலை நடுவில் இருக்கிறதா, பின்னணி சுத்தமாக இருக்கிறதா. இரண்டும் இருந்தது. பிரின்ட் போட்டார். நாத்தனாரின் போனுக்கும் படம் போனது. அவள் போனின் கண்ணாடியைப் போன வாரம்தான் ஒரு குட்டி நாய் கீழே தள்ளி உடைத்திருந்தது. விரிசல் சரியாக நாயின் இடது காது மேல் ஓடியது. ஒரு கையில் பால் புட்டியோடு இருந்தவள், 'சூப்பர் அண்ணி' என்று பதில் போட்டுவிட்டு, படத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

'இந்த நாய் உங்களுடையதா?' என்ற கேள்வியோடு போஸ்டர்கள் கிளம்பின. டீக்கடையில் ஒன்று, பெட்ரோல் பங்கில் ஒன்று, மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒன்று, லாரிகள் நிற்கும் மைதானத்துச் சுவரில் வரிசையாக. தபால்காரர் ஒரு கட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு போய், பழைய பழக்கத்தில் வீட்டுக்கு வீடு பட்டுவாடா செய்துவிட்டு வந்தார்.

முதல் இரண்டு நாள் டச்சப் அக்கா நாய் இருக்கும் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். மூன்றாவது நாள், "தரை குளிர்ச்சியா இருக்குமே" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, பீரோவில் ஒளித்து வைத்த பெட்ஷீட்டை எடுத்து மடித்துப் போட்டாள். ஸ்டுடியோக்காரர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பெட்ஷீட் திரும்பிப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

நாய் பகலில் கவுண்டருக்குப் பக்கத்தில் உட்காரும். உள்ளே வருபவரை மேலிருந்து கீழாகப் பார்க்கும். தலை வாராதவரை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கும். அவர் தானாகச் சீப்பை எடுத்துவிடுவார். வாசலில் கனமான வண்டி எது போனாலும் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்.

"டிராஃபிக்கையும் இவரே பாத்துக்கிறாரு" என்றார் ஸ்டுடியோக்காரர். "பேசாம இவரை மேனேஜர் ஆக்கிடலாம்."

அப்படித்தான் அது மேனேஜர் ஆனது. கைக்குழந்தைகளுக்குப் படம் எடுப்பது முன்பெல்லாம் நரக வேதனை. இப்போது மேனேஜர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். குழந்தை நேராகப் பார்த்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது என்பது வேறு விஷயம். படத்தில் வாயை அக்கா மூடிவிடுவாள்.

சாயங்காலம் கடை அடைத்த பிறகு, டச்சப் அக்கா டீ குடிக்கும்போது மேனேஜர் வந்து தன் தலையை அவள் முழங்கால் மேல் வைக்கும். வெறுமனே வைக்கும், எதுவும் கேட்காது. அவளிடம் எதுவும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

போஸ்டரைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவன் இறுக்கமான பனியன் போட்ட ஓர் இளைஞன்.

"அக்கா, அந்த நாய் என்னுதுதான்."

"அப்படியா? இதோ இருக்காரு, பாருங்க."

அவன் பார்த்தான். மேனேஜரும் அவனைப் பார்த்தது.

"இது இல்லக்கா. போட்டோல இருக்கிறது."

"அதுதான் இது."

"இது அதோட அப்பா மாதிரி இருக்கு."

"தம்பி, உங்க போட்டோவையும் உங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, ஊர் என்ன சொல்லும்னு யோசிச்சீங்களா? போட்டோன்னா கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும். அதுக்குத்தான் ஸ்டுடியோ வச்சிருக்கோம்."

அவனிடம் நாக்கைப் பற்றிய கேள்வி வரைக்கும்கூடப் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்து வந்த ஒரு குடும்பமும் அப்படியே, ஏமாந்த முகத்தோடு படி இறங்கியது. ஒவ்வொருவர் போகும்போதும் டச்சப் அக்கா சத்தமில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சை ஸ்டுடியோக்காரர் கவனித்தார்.

மாசக் கடைசி நெருங்கியது.

"ஏங்க, சொந்தக்காரர் யாரும் வரலைன்னா?"

"அதான் தங்கச்சி சொன்னாளே. யார் கேட்டாலும் குடுத்துடுவா."

"யார் கேட்டாலும் எதுக்கு? நாம கேக்கக் கூடாதா?"

ஸ்டுடியோக்காரர் லென்ஸைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார்.

"கேக்கலாம். ஆனா உனக்கு நாய் வாடை ஆகாதே?"

"எனக்கு உங்க சென்ட் வாடைகூடத்தான் ஆகாது. வீட்டை விட்டா அனுப்பிட்டேன்?"

அன்றே நாத்தனாருக்குப் போன் போனது. "அண்ணி, நாளைக்கு மேனேஜரை அண்ணன்கிட்ட குடுத்து ஷெட்டுக்கு அனுப்புங்க. டாக்டர் வர்றார். ஊசி போட்டு, நகம் வெட்டி, உங்க வீட்டுப் பிள்ளையாவே திருப்பி அனுப்பிடறேன்" என்றாள் அவள். டச்சப் அக்கா அப்போதே கடைவீதிக்குப் போய், ஒரு புதிய கழுத்துப்பட்டையை நிறம் பார்த்து, பொருத்தம் பார்த்து, இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தாள். கட்டிக்கொடுத்த தன் பெண்ணுக்கு வளையல் எடுத்தபோதுகூட அவள் ஒரே கடையில்தான் முடித்தாள்.

மறுநாள் ஸ்டுடியோக்காரரும் மேனேஜரும் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் ஒரு மனிதர் படியேறி வந்தார். வெயிலில் கறுத்த முகம். தோளில் அழுக்குத் துண்டு. கையில் ஒரு போன்.

"அம்மா, போஸ்டர் அடிச்சுத் தருவீங்களா?"

"என்ன போஸ்டர்?"

"நாய் காணாமப் போச்சும்மா. நான் லாரி டிரைவர். போன மாசம் இந்த ஊர்ல டயர் மாத்த வண்டியை நிறுத்தினேன். நான் இந்தப் பக்கம் ஜாக்கி போட்டுட்டு இருக்கேன், அவன் அந்தப் பக்கம் இறங்கிட்டான். ராத்திரி பூரா தேடினேன். லோடு இறக்கணும், போயிட்டேன். அதுக்கப்புறம் இந்த ஊர் வழியா ஒவ்வொரு தடவை போறப்பவும் இறங்கி ஒரு தெருவாச்சும் நடந்து பாக்கறேன்."

டச்சப் அக்காவின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது.

"போட்டோ வச்சிருக்கீங்களா?"

"இருக்கு. ஆனா ஒண்ணுதான்."

போனை நீட்டினார். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி. அதில் பாதியை டிரைவரின் கட்டை விரல் மறைத்திருந்தது. மீதிப் பாதியில் ஒரு வால்.

"முகம் இல்லையே?"

"அவன் எப்பவும் ரோட்டைத்தான் பாத்துட்டிருப்பான். அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க எதை வேணா கொண்டு வந்துருவீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. இந்த வாலுக்கு ஒரு முகம் போட முடியுமாம்மா?"

வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"எப்படி இருக்கும் உங்க நாய்?"

"தோ, அதே மாதிரிதான்." ஸ்டுடியோக் கண்ணாடிக் கதவில் வெளிப்பக்கமாக ஒட்டியிருந்த போஸ்டரைக் காட்டினார். "இந்தப் போஸ்டரை ஊர் முழுக்க ஒட்டியிருக்காங்கம்மா. ஒவ்வொரு தடவையும் தூரத்துலேருந்து பாத்ததும் எனக்கு நெஞ்சு துள்ளும். ஓடிப்போய்ப் பாப்பேன். கிட்டப் போனா வேற நாய். இது சின்ன வயசு, சினிமா ஸ்டார் மாதிரி இருக்கு. நம்மாளு கிழவன். காது ஒண்ணு பாதிதான் இருக்கும். குட்டியில இன்னொரு நாய் கடிச்சிருச்சு."

பிரின்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டச்சப் அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பிரின்டர் ரிப்பேரா இருக்குங்க. நாளைக்கு வர்றீங்களா?"

"நாளைக்கு லோடு இருக்கும்மா. திரும்பி வர ரொம்ப நாளாகும். பரவால்ல, வேற கடையில கேட்டுக்கறேன். தொந்தரவுக்கு மன்னிச்சிருங்க."

அவர் வெளியே போனார். கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது. டச்சப் அக்கா நாற்காலியில் அசையாமல் இருந்தாள். அவள் சும்மா இருந்தால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள். கழுத்துப்பட்டை மேசையில் இருந்தது, இன்னும் சற்று நேரத்தில் மேனேஜர் வந்துவிடும், சாயங்காலம் டீ, முழங்கால் மேல் தலை.

ஆனால் டிரைவர் படி இறங்கவில்லை. கதவுக்கு வெளியே போஸ்டர் முன்னால் நின்றுவிட்டார். வெளியிலிருந்து வெயில் அடித்ததால் போஸ்டரில் இருந்ததெல்லாம் உள்ளிருந்து நிழலாகத் தெரிந்தது. நாயின் தலை, இரண்டு காது. டிரைவரின் கை மேலே வந்தது. அவருடைய கட்டை விரல் இடது காதின் பாதியை மறைத்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். விரலை எடுத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"அண்ணே!"

தன் குரல்தானா என்று டச்சப் அக்காவுக்கே சந்தேகமாக இருந்தது.

"உள்ள வாங்கண்ணே. இப்படி உக்காருங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு."

அவள் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தாள். அவள் செய்யும் திருத்தங்கள் படத்தின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். எப்போது வேண்டுமானாலும் ஒவ்வொன்றாக உரித்தெடுக்கலாம். முதலில் நரையை மறைத்ததை எடுத்தாள். வாயைச் சுற்றி வெள்ளை பரவியது. டிரைவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார். மோவாய்த் தழும்பு திரும்பி வந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். கண்ணில் நீர் வழிந்தது. நாயின் கண்ணில்தான் அவள் திருத்தத்தை எடுத்தாள், ஆனால் இரண்டு இடத்தில் வழிந்தது. கடைசியாகக் காது. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு அமுக்கினாள்.

"அட, நம்ம கிளீனர்!"

டிரைவர் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

டச்சப் அக்காவுக்கு ஒரே ஒரு நூல் மிச்சம் இருந்தது. அதையும் பிடித்துப் பார்த்தாள்.

"இருங்கண்ணே. காப்பகத்துல ஒரு கேள்வி கேக்கச் சொல்லியிருக்காங்க. அது வாய்க்குள்ள ஏதாச்சும் அடையாளம்..."

"நாக்குக்கு அடியில கருப்பா ஒரு புள்ளி. கொட்டாவி விட்டாத்தான் தெரியும். ராத்திரி ஓட்டும்போது எனக்குத் தூக்கம் வராம இருக்க பேசிட்டே வருவேன். அவன் என் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டுட்டே வருவான்."

அந்த நூலும் அறுந்தது.

அதே நேரத்தில் தெருமுனையில் ஸ்டுடியோக்காரர் தெரிந்தார். அவர் நடந்து வரவில்லை, இழுத்து வரப்பட்டார். மேனேஜர் அத்தனை நாளில் ஒரு தடவைகூட ஓடியதில்லை. இப்போது அந்த வயதான கால்கள் நான்கும் தரையில் படவில்லை. படிக்கட்டில் ஸ்டுடியோக்காரரின் ஒரு செருப்பு கழன்றது. கயிறு கையைவிட்டுப் போனது.

"லீவு சொல்லாம எங்கடா போன? ஏய், எங்கடா போன? ஒரு மாசமாச்சு, தனியா ஓட்டிட்டு இருக்கேன். ஒரு தகவல் உண்டா? வேலையை விட்டே தூக்கிடுவேன், ஆமா!"

திட்டிக்கொண்டே டிரைவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் மடிக்குள் நுழையப் பார்த்தது. அது மடிக்குள் அடங்கும் நாய் இல்லை. பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தபடி முனகியது.

ஸ்டுடியோக்காரர் ஒற்றைச் செருப்போடு நின்றார். "யாருங்க நீங்க? இது எங்க மேனேஜர்."

"எங்க வண்டியில கிளீனர்தாங்க இவன். கிளீனர் வேலைக்கு ஆள் யாரும் நிக்க மாட்டேங்கறாங்க, இவன் ஒருத்தன்தான் நின்னான். இங்க மேனேஜராக்கிட்டீங்களா? அதான் வரமாட்டேன்னு இருந்திருக்கான்!"

"அண்ணே," என்றாள் டச்சப் அக்கா, "அந்தக் காதை நான்தான் ஒட்டினேன். வேணும்னு இல்ல. கை பழக்கம். நான் ஒட்டாம இருந்திருந்தா மொதல் நாளே கண்டுபிடிச்சிருப்பீங்க."

டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"விடுங்கம்மா. ஒரு மாசம் ரோட்டுல கிடந்திருப்பானோ, யாராவது அடிச்சிருப்பாங்களோன்னு நினைச்சிட்டிருந்தேன். இங்க பாருங்க, தொப்பை போட்டிருக்கான். நான் அவன்கிட்ட மொதல்ல மயங்கினது காதைப் பாத்து இல்ல. இனிமே இவன் சீட்டுல ஒரு மெத்தை போடணும் போல."

போனில் விஷயத்தைக் கேட்ட நாத்தனார், "ஐயோ அண்ணி! அதான் பனியன் போட்ட பையனெல்லாம் தேடி வந்தானா!" என்று சிரித்த சிரிப்பில் ஷெட்டிலிருந்த நாய்களெல்லாம் சேர்ந்து குரைத்தன. அதற்குப் பிறகு டிரைவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். காலியாகத் திரும்பும் லாரியில் மரத்தூள் மூட்டை கொண்டு வர முடியுமா, கூண்டுகளுக்கு அடியில் போட நன்றாக இருக்கும் என்று கேட்டாள். டிரைவர் சரி என்றார். அவள் வாழ்க்கையில் ஒரு லாரியைப் பிடித்துப் போட்டது அதுதான் முதல் முறை.

புதிய கழுத்துப்பட்டையை டச்சப் அக்காவே மாட்டிவிட்டாள். மாட்டும்போது கொக்கி சரியில்லை என்று இரண்டு தடவை கழற்றி மாட்டினாள். பிறகு டிரைவரும் கிளீனரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். நாயின் வால் போய்க்கொண்டே இருந்தது. முனை திரும்பியது. மறைந்தது.

"திரும்பிக்கூடப் பாக்கல, பாத்தீங்களா?" என்றாள் அவள்.

ஸ்டுடியோக்காரர் உள்ளே போய் டீ போட்டு, அவளுக்கு ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். அவளும் அதைச் சொல்லாமல் குடித்தாள்.

மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் ஷெட்டுக்குப் போனாள். நாத்தனார் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து ஒரு பூனையின் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி! என்ன விஷயம்?"

"சும்மாதான். ஒழுங்காக் கூட்டறியா பெருக்கறியான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்லாப் பாருங்க."

டச்சப் அக்கா நடந்து பார்த்தாள். எல்லாக் கூண்டையும் பார்த்தாள். பார்க்கும்போதே ஒரு கறுப்பு நாய் அவள் பின்னாலேயே வந்தது. மூன்று கால்தான் அதற்கு. கண் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. அவள் நின்றால் நின்றது. நடந்தால் நொண்டியது.

"இவனுக்கு யார் ஓனர்?"

"யாரும் இல்ல அண்ணி."

"நல்லாத் தேடினியா?"

"தேடறதுக்கே வேலையில்ல."

"அப்படிச் சொல்லாத. லாரி, பஸ், ரயிலு, எதுலயாவது வந்து இறங்கி வழி தவறினவனா இருக்கப் போறான்."

"இந்த ஷெட்லயேதான் பொறந்தான் அண்ணி. வெளி உலகமே தெரியாது."

"இவனை வளர்த்தவங்க, இவன் மேல ஆசை வச்சவங்க, இவனைக் காணோம்னு அழறவங்க, யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல. அவங்க அம்மா மட்டும்தான். அதோ படுத்திருக்கு பாருங்க."

மூலையில், சாக்கு மேல், கறுப்பாக ஒரு கிழட்டு நாய் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. டச்சப் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. மகனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

"ஏங்க, உள்ளே அந்தப் பழைய பின்னணித் திரை இருக்குல்ல, நீலம்? அதை நாலா மடிச்சுக் கவுண்டர் பக்கத்துல போடுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு பேர் வர்றாங்க."

"படம் எடுக்கவா?"

"வந்து சொல்றேன். நீங்க போடுங்க. கொஞ்சம் அகலமாவே போடுங்க."